ஆக்கலும் காத்தலும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிப்பொறி அறிவியல்)

ஆக்கல், காத்தல், அழித்தல் என்று தொழில்களை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்கள் நம் முன்னோர். இந்த விஞ்ஞான யுகத்தில் ஆக்குகிறவருக்குப் பரிசும் பாராட்டும் உண்டு. அழிக்கிறவருக்கும் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் இடம் உண்டு. நடுவில் நிற்கிற காப்பவருக்கு என்ன உண்டு? காரியம் ஒழுங்காக நடக்கும்வரை அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. காரியம் கெட்டுவிட்டாலோ, ‘எங்கே அந்த ஆள்?’ என்று எல்லோரும் தேடுவார்கள்.

கணிப்பொறி உலகில் இப்படிக் காக்கும் தொழில் செய்பவரைச் ‘சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்கிறார்கள். சர்வர்களைப் பராமரிப்பவர் என்று நாம் எளிமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அவருடைய உழைப்பைப் பற்றியும், அந்த உழைப்பை உலகம் மதிக்கும் முறையைப் பற்றியும் சில எண்ணங்களை நம் கல்லூரி மலரின் வாயிலாக மாணவ நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன். காத்தல் என்பது ஆக்கலுக்கு அடுத்த இரண்டாந்தர வேலை அன்று. அதற்கென்று தனி அறிவும் தனி ஒழுங்கும் உண்டு. அதைக் கல்லூரியில் கற்பிக்க வேண்டும். வேலை பார்க்கும் இடத்தில் மதிக்க வேண்டும். தவறு நேர்ந்த இரவில் ஒரு தனி மனிதரின் தலையில் பழி முழுவதையும் சுமத்தும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். இதுவே என் கருத்து.

யார் இவர்?

சர்வர் என்றதும் ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறுகிறவர் நம் நினைவுக்கு வந்தால் அதில் தவறில்லை. கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் இரண்டு சர்வர்களுக்கும் வேலை. நாம் கைப்பேசியில் ரயில் டிக்கெட் பதிவு செய்கிறோம்; தேர்வு முடிவு பார்க்கிறோம்; டீக்கடையில் பத்து ரூபாயைக்கூடக் கைப்பேசி வழியே செலுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டப்பட்ட கூடத்தில், இரும்பு அடுக்குகளில் வரிசையாக ஏற்றிவைக்கப்பட்ட கணிப்பொறிகளில் ஒன்று நம் கேள்வியை வாங்கிக்கொண்டு விடையைத் திருப்பி அனுப்புகிறது. பெரும்பாலும் அதற்கு முன்னால் திரையும் இல்லை, நாற்காலியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. நம் மாநிலத்திலேயே சென்னையை அடுத்த சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இத்தகைய தரவு மையங்கள் இயங்கி வருகின்றன.

இந்த இயந்திரங்கள் தாமாக ஓடிக்கொண்டிருப்பன அல்ல. அவற்றைப் பார்த்துக்கொள்பவர் காலையில் வந்ததும் முந்திய இரவு நடந்தவற்றின் பதிவுகளைப் படிக்க வேண்டும். எந்த ஹார்ட் டிஸ்க்கில் இடம் குறைகிறது, எந்தச் சர்வரில் சூடு ஏறுகிறது, யூ.பி.எஸ். பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும், நேற்றைய காப்பு நகல் முழுமையாக எடுக்கப்பட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வேலையில் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கணக்குத் திறந்து கொடுக்க வேண்டும்; விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே மூடிவிட வேண்டும். எதையாவது மாற்றியமைக்க வேண்டுமானால் மற்றவர்கள் உறங்கும் நேரம் பார்த்து, நள்ளிரவுக்கு மேல் செய்ய வேண்டும். விடிவதற்குள் எல்லாம் பழையபடி ஓட வேண்டும்.

மென்பொருளில் ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்தால் திருடர் வருமுன் அதை அடைக்க வேண்டும். இது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்கு 2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் ஒரு பாடம். அன்று ‘வான்னாக்ரை’ என்ற நச்சு நிரல் உலகெங்கும் பரவிக் கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் பொது மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது! இடையில் இருந்தவை இரண்டு மாதங்கள். அந்த இரண்டு மாதங்களில் திருத்தத்தைப் போட்டு முடித்த இடங்களில் பராமரிப்பாளர்களை யாராவது மாலையிட்டு வரவேற்றார்களா? இல்லை. அங்கே ஒன்றும் நடக்கவில்லையே, எதற்காக மாலை?

ஒன்றும் நடக்காததே வெற்றி

இந்தத் தொழிலின் விசித்திரம் இதில்தான் இருக்கிறது. கவிஞனின் வெற்றி கவிதையாகக் கைக்கு வருகிறது. பொறியாளரின் வெற்றி பாலமாக ஆற்றின் மேல் நிற்கிறது. சர்வர் காப்பவரின் வெற்றியோ ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்ற செய்திதான். இல்லாத ஒன்றை எப்படிச் சுட்டிக் காட்டுவது? எப்படி அளந்து சம்பளம் போடுவது?

அளப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ‘எங்கள் சேவை 99.9 சதவீத நேரம் இயங்கும்’ என்று ஒரு நிறுவனம் உறுதி கூறினால், ஆண்டுக்கு 8,760 மணி நேரத்தில் அது நின்றுபோக அனுமதிக்கப்பட்ட நேரம் 8 மணி 45 நிமிடம். 99.999 சதவீதம் என்று கூறினால், ஓர் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 5 நிமிடத்துக்குச் சற்றே அதிகம். தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு ஒன்பதுகளைக் கூட்டிப் போடுவது விளம்பரம் எழுதுகிறவருக்கு ஒரு நொடி வேலை. அதை மெய்யாக்கிக் காட்ட ஒருவர் எத்தனை இரவுகள் விழித்திருக்க வேண்டும் என்பதை அந்த விளம்பரம் சொல்வதில்லை.

2000-ஆம் ஆண்டு பிறந்தபோது நடந்ததை நம் ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பழைய நிரல்கள் பலவற்றில் ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கங்களே இருந்தன. 99-க்கு அடுத்து 00 வந்தால் கணிப்பொறி அதை 1900 என்று எண்ணிவிடும் என்ற அச்சம் எழுந்தது. உலகெங்கும் ஏராளமானோர் வரிவரியாக நிரல்களைத் தேடித் திருத்தினார்கள். இந்திய மென்பொருள் நிறுவனங்கள் பல வளர்ந்ததும் அந்த வேலையால்தான். ஜனவரி முதல் நாள் பொழுது அமைதியாக விடிந்தது. சிறுசிறு கோளாறுகளோடு காரியம் முடிந்தது. உடனே உலகம் என்ன சொன்னது? ‘வீண் பீதி கிளப்பினார்கள், ஒன்றுமே நடக்கவில்லையே’ என்றது. வெள்ளம் வராமல் கரையை உயர்த்தியவனைப் பார்த்து, ‘வெள்ளமே வரவில்லை, கரை எதற்கு?’ என்று கேட்பதைப் போன்றது இது.

நம் ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித் தெருத்தெருவாக வால்வு திறந்துவிடும் தொட்டி ஆபரேட்டரை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் குழாயில் தண்ணீர் வந்தால் அவரை யாரும் நினைப்பதில்லை. ஒரே ஒரு நாள் மோட்டார் எரிந்து போனால் குடத்தோடு அவர் வீட்டு வாசலில் ஊரே நிற்கும். சர்வரைக் காப்பவர் அந்த ஆபரேட்டரின் உடன்பிறப்பு. அவர் காக்கும் குழாயில் தண்ணீருக்குப் பதிலாகச் செய்தி ஓடுகிறது, அவ்வளவுதான்.

எழுபத்தைந்து காசுக் கணக்கு

‘இது இயந்திரத்துக்குக் காவல் இருக்கும் வேலைதானே, இதில் அறிவுக்கு என்ன இடம்?’ என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குக் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்பவரின் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

அவர் நம்மைப் போல் அறிவியல் படித்தவர், வானியல் அறிஞர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் அவருடைய ஆராய்ச்சிக்கான நிதி தீர்ந்துபோகவே, அங்கேயே கணிப்பொறிப் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். 1986-ஆம் ஆண்டு ஒரு சிறிய வேலை அவரிடம் வந்தது. கணிப்பொறி நேரத்துக்கான மாதக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. ஒரு டாலருக்கும் குறைவான தொகை! வேறொருவராக இருந்தால் தம் பையிலிருந்து போட்டுக் கணக்கை முடித்திருப்பார். இவர் விடவில்லை. பணம் செலுத்தாமல் யாரோ ஒருவர் சில நொடிகள் கணிப்பொறியைப் பயன்படுத்தியிருப்பதைக் கண்டார். உள்ளே வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப் பொறிகளைக் கடன் வாங்கிப் பொருத்தி, அந்த அந்நியர் அழுத்திய ஒவ்வோர் எழுத்தையும் காகிதத்தில் பதித்தார். மேசைக்கு அடியில் படுத்துறங்கினார். பல மாதங்கள் பின்தொடர்ந்த பிறகு, அந்த ஆள் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் இருந்துகொண்டு அமெரிக்க இராணுவக் கணிப்பொறிகளுக்குள் புகுந்து, திரட்டிய செய்திகளைச் சோவியத் உளவுத் துறைக்கு விற்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது வெளிப்பட்டது. இந்த அனுபவத்தை ஸ்டோல் 1989-ஆம் ஆண்டு ‘தி குக்கூஸ் எக்’ என்ற நூலாக எழுதினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது உளவுக் கதையை அன்று. கணக்கில் இடித்த சிறு தொகையை அலட்சியப்படுத்தாத மனப்பான்மையை. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அளவீடு சிறிது பிசகினால், ‘ஏன்?’ என்று கேட்கும்படி நம் ஆசிரியர்கள் சொல்லித் தருகிறார்களே, அதே மனப்பான்மைதான் அங்கே ஒரு நாட்டின் இரகசியங்களைக் காத்தது. காத்தல் தொழிலில் அறிவுக்கு இடம் இல்லை என்று இனி யார் சொல்வார்?

கை தவறிய இரவு

இனி, தவறு நேரும் இரவுக்கு வருவோம். மனிதர் செய்யும் எந்த வேலையிலும் தவறு உண்டு. ஆனால் சர்வரைக் காப்பவரின் தவறு ஒரு நொடியில் நடந்து உலகம் முழுவதும் தெரிந்துவிடும்.

2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் இரவு ‘கிட்லேப்’ என்ற நிறுவனத்தில் இப்படி ஒன்று நடந்தது. உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இடம் அது. தரவுத்தளத்தில் அன்று மாலையிலிருந்தே கோளாறு. நீண்ட நேரம் போராடிக் களைத்திருந்த ஒரு பொறியாளர், துணைச் சர்வரில் இருந்த ஒரு கோப்பகத்தை அழிப்பதாக எண்ணிக்கொண்டு முதன்மைச் சர்வரில் இருந்ததை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். தவறு புரிந்து ஓரிரு நொடிகளில் நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் மீதி இருந்தது 4.5 ஜிகாபைட்!

பிறகுதான் உண்மையான குற்றவாளி வெளியே வந்தான். காப்பு நகல் எடுக்க அந்த நிறுவனத்தில் பல ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றில், மென்பொருளின் பதிப்புப் பொருந்தாததால் நெடுநாளாக நகலே எடுக்கப்படவில்லை. அது தோற்றுப் போனதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை. மற்றொன்று, தரவுத்தளச் சர்வர்களுக்கு இயக்கி வைக்கப்படவே இல்லை. அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்னதாகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் இறுதியில் நிறுவனத்தைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு மட்டும் போயிற்று.

அழித்த விரல் ஒருவருடையது. ஆனால் காப்பு நகல்களைத் திரும்ப எடுத்துச் சோதித்துப் பாராமல் விட்டது யாருடைய குற்றம்? ஒரு நிறுவனத்தின் குற்றம் அன்றோ? அந்த நிறுவனம் இதை உணர்ந்து நடந்துகொண்டது பாராட்டத்தக்கது. நடந்ததை மறைக்கவில்லை, மீட்கும் பணியை இணையத்தில் நேரடியாகவே ஒளிபரப்பியது, என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்வோம் என்று விரிவாக எழுதி வெளியிட்டது. அந்தப் பொறியாளரை வேலையை விட்டு நீக்கவும் இல்லை.

அடுத்த மாதமே, 2017 பிப்ரவரி 28-ஆம் நாள், அமேசான் நிறுவனத்தின் சேமிப்புச் சேவையில் இதே போன்ற நிகழ்ச்சி. சில சர்வர்களை மட்டும் நீக்குவதற்கான கட்டளையில் ஓர் உள்ளீடு தவறாகப் பதிவாகி, அதிகமான சர்வர்கள் நீக்கப்பட்டுவிட்டன. சுமார் நான்கு மணி நேரம் அமெரிக்காவில் எண்ணற்ற இணையதளங்கள் தடுமாறின. பிறகு அவர்கள் முதலில் திருத்தியது எதை? கட்டளையை நிறைவேற்றும் கருவியை. குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே எந்தச் சர்வர் தொகுதியும் போகாதபடி அதில் தடை வைத்தார்கள்.

‘அப்படியானால் கவனக்குறைவுக்குத் தண்டனையே வேண்டாமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேண்டுமென்றே தீங்கு செய்தவருக்கும், செய்ததை மறைத்தவருக்கும் தண்டனை வேண்டும். ஆனால் களைப்பினால் கை தவறியவரைத் தண்டித்தால் விளைவது என்ன? அடுத்த முறை தவறு செய்பவர் அதை வாய்திறந்து சொல்லமாட்டார். சொல்லாத தவறு உள்ளே கிடந்து பெருகும். ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பழைய கருவியையும் பழைய வழக்கத்தையும் அப்படியே வைத்துக்கொண்டால், அதே பள்ளத்தில் நாளைக்கு வேறொருவர் விழுவார்.

ஒரே இடத்தில் வைத்த செல்வம்

தனி மனிதரின் கை தவறுவதைக் காட்டிலும் பெரிய ஆபத்து, மேலே இருப்பவர்கள் செலவுக்கு அஞ்சுவது. காப்பு நகலுக்கு உலகெங்கும் சொல்லப்படும் எளிய விதி ஒன்று உண்டு. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு ஊரில், வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும். தானியத்தைப் பத்தாயத்தில் கொட்டி வைத்த பிறகும் விதைநெல்லைத் தனியே கட்டி வைக்கும் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொழில்நுட்பத்தில் உலகுக்கே வழிகாட்டும் தென்கொரியாவில் இந்த விதி மறக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், தேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் பணியின்போது தீப்பிடித்தது. முதற்கணக்கின்படி 647 அரசுச் சேவை அமைப்புகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்ற சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு மிகப் பெரியது என்ற காரணத்தால் அதற்கு வெளியில் காப்பு நகலே வைக்கப்படவில்லை! பெரியது என்பதால் காக்கவில்லை என்றால், எதைத்தான் காப்பது? அந்த மையத்தில் பணியாற்றிய ஒருவர் எவ்வளவுதான் திறமைசாலியாக இருந்தாலும், இல்லாத நகலிலிருந்து அவர் எதை மீட்க முடியும்? பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவது வீண் செலவு என்று எண்ணுகிற ஒவ்வோர் அலுவலகத்திலும் இந்தத் தீயைப் பற்றி எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

மேகத்துக்கும் ஆள் வேண்டும்

‘இனி எல்லாம் கிளவுட்தான், சர்வரைத் தொட்டுப் பார்க்க ஆளே வேண்டாம், செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்’ என்று இன்று சிலர் உறுதியாகப் பேசுகிறார்கள். கிளவுட் என்பது வானத்து மேகம் அன்று. வேறொருவருடைய கட்டடத்தில் இருக்கும் சர்வர்தான். நாம் காணாத இடத்தில் அங்கே ஒருவர் விழித்திருக்கிறார்.

2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோனதை நாம் அறிவோம். வழக்கமான பராமரிப்புப் பணியில் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பையே துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் குறை இருந்தது. தொலைவிலிருந்து சரிசெய்வதற்கான கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் பயன்படவில்லை. முடிவில், பொறியாளர்கள் தரவு மையத்துக்கு நேரில் போய்ப் பலத்த பாதுகாப்புகளைக் கடந்து உள்ளே நுழைந்துதான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு குறையுள்ள புதுப்பிப்பினால், மைக்ரோசாப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகளைக் கொடுத்தார்கள். பல இடங்களில் அதைச் சரிசெய்த விதம்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. ஒவ்வொரு கணிப்பொறியின் முன்னும் ஒரு மனிதர் உட்கார்ந்து, அதைத் தனி முறையில் இயக்கி, குற்றமுள்ள கோப்பைத் தேடி அழித்து, மீண்டும் ஓட வைத்தார். அந்த வார இறுதியில் உலகெங்கும் எத்தனை பராமரிப்பாளர்கள் வீட்டுக்குப் போகாமல் இருந்திருப்பார்கள்!

இந்தத் தொழில் செய்பவர்களுக்கு நன்றி கூற ஆண்டில் ஒரு நாள் உண்டு. ஜூலை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. டெட் கெகாடோஸ் என்ற அமெரிக்கப் பராமரிப்பாளர் 2000-ஆம் ஆண்டு தொடங்கி வைத்தது. 2024-இல் அந்த நாள், மேலே சொன்ன குழப்பத்துக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து வந்தது. தமக்குத் தாமே ஒரு நாளை ஏற்படுத்திக்கொள்ள வேண்டிய நிலையில் ஒரு தொழில் இருப்பதே, அதை உலகம் எவ்வளவு மறந்திருக்கிறது என்பதற்குச் சான்று.

நாம் செய்ய வேண்டியவை

நண்பர்களே! இது யாரோ வெளிநாட்டாருக்கு உரிய செய்தி அன்று. நம் கல்லூரியில் படித்து வெளியேறுகிறவர்களில் சிலர் புதிய மென்பொருள் படைப்பார்கள். அவர்களைவிடப் பலர் யாரோ படைத்ததைக் காக்கும் வேலைக்குத்தான் போகப் போகிறார்கள். அமெரிக்காவின் பகல் நமக்கு இரவு. ஆகவே அவர்களில் பலருடைய வேலை இரவு வேலையாகத்தான் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். ‘என்ன உத்தியோகம் பார்க்கிறாய், தம்பி?’ என்று ஊரில் கேட்டால், வாத்தியார், தாசில்தார் என்று சொல்வதுபோல் ஒரு சொல்லில் சொல்லிவிட முடியாத வேலை இது. ‘ஒன்றும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால் யாருக்குப் புரியும்? நமக்கே அதன் பெருமை தெரியாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது?

முதலாவதாக, இதை நாம் கற்க வேண்டும். இன்று நம் செய்முறைத் தேர்வில் நிரல் எழுதுகிறோம். ஒரு முறை ஓட்டிக் காட்டுகிறோம். விடை திரையில் தெரிந்தால் மதிப்பெண் பெற்று ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். அதே நிரல் மூன்று ஆண்டுகள் இரவு பகலாக ஓடினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. பருவத்துக்கு ஒரு வகுப்பிலாவது, பழைய கணிப்பொறி ஒன்றை ஆசிரியரே வேண்டுமென்றே பழுதாக்கி வைக்கட்டும். பதிவுகளைப் படித்து, காரணத்தைக் கண்டு, காப்பு நகலிலிருந்து அதை எழுப்பிக் காட்டும்படி மாணவரிடம் சொல்லட்டும். என்ன செய்தோம், எந்த நேரத்தில் செய்தோம் என்று எழுதி வைக்கும் நாட்குறிப்புக்கும் மதிப்பெண் கொடுக்கட்டும். இதற்குப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ வேண்டியதில்லை.

இரண்டாவதாக, கணிப்பொறி வைத்திருக்கும் ஒவ்வோர் அலுவலகமும் ஆண்டுக்கு ஒரு முறையாவது தன் காப்பு நகலைத் திரும்ப எடுத்துச் சரிபார்க்க வேண்டும். எடுத்து வைத்திருக்கிறோம் என்பது போதாது. எடுத்துப் பார்த்து, திறந்து படித்தோம் என்று சொல்ல வேண்டும். மாணவர்களின் மதிப்பெண்களும் கல்வி உதவித்தொகைக் கணக்குகளும் கணிப்பொறியில் ஏறிவிட்ட இந்நாளில், ஓர் ஏழை மாணவனின் எதிர்காலமே அந்த நகலில் இருக்கிறது.

மூன்றாவதாக, நாளை நம்மில் சிலர் மேலதிகாரிகளாகவும் வரக்கூடும். அன்று, இரவெல்லாம் விழித்தவருக்கு மறுநாள் ஓய்வு கொடுங்கள். ஆபத்தான கட்டளையை ஒருவர் தனியாகக் கொடுக்கும்படி விடாமல் இருவரை உட்கார வையுங்கள். தவறு நேர்ந்தால் ‘யார்?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எப்படி?’ என்று கேளுங்கள்.

காக்கும் தொழில் செய்பவர்கள் நமக்கு அருகிலேயே இருக்கிறார்கள். காலையில் நாம் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையுமுன் தூசு துடைத்து, இணைப்புகளைச் சரிபார்த்து, பழுதானவற்றை ஒதுக்கி வைத்திருக்கும் ஆய்வுக்கூட உதவியாளர் அத்தகையவர்தான். நாம் மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுவோம். நமக்குப் பின் வருகிறவர்களுக்கும் அந்த இயந்திரங்கள் ஓட வேண்டுமே என்று கவலைப்படுகிறவர் அவர். கணிப்பொறி உலகமும் அவரைப் போன்றவர்களின் தோள்மீதுதான் நிற்கிறது. ஆக்குவதற்கு ஆசைப்படுவோம், அது இளமைக்கு அழகு. அதோடு, ஆக்கியதைக் காக்கவும் கற்றுக்கொள்வோம். காப்பவரைக் கண்டால், ஏதேனும் கெட்டுப்போகும் நாள்வரை காத்திராமல், அன்றைக்கே ஒரு நன்றி சொல்வோம்.